நீங்கள் ஊதித் தந்த மூச்சு

அக்கா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் துணி காயப்போடக் கொல்லைப்புறம் போனேன். பக்கத்து வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருப்பார்கள் போலிருக்கிறது. நாட்டுக்கோழியின் இறகைப் பிடுங்கிவிட்டு, மிச்ச முடியை ஓலைத் தீயில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். முடி பொசுங்கும் அந்த நாற்றம் மதிலைத் தாண்டி வந்ததும் கையிலிருந்த ஈரச்சேலை நழுவி மண்ணில் விழுந்தது. நான் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்க டீச்சர், ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று அந்த வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க, லேசா தலசுத்தல்."

அவளிடம் வேறென்ன சொல்வது? முன்பொரு நாள் இந்த நாற்றத்தில்தான் நான் செத்துப் பிழைத்துக் கண் விழித்தேன் என்றா? அன்று பொசுங்கியது என் தலைமுடி என்றா? அன்று என்னை எழுப்பியவர் போன மாதம் செத்துப்போனார், அதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை என்றா?

எழுதிப் பார்த்தாலாவது மனதுக்கு உறைக்குமா என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

என் ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து, மூணாறு மலையில் சூரியநெல்லிப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கு நான் வேலைக்கு வந்தபோது, நீங்கள் அங்கே பல வருடமாகக் கணக்கு டீச்சர். தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் பிறந்து, அதே பள்ளியில் படித்து, அங்கேயே பாடம் நடத்த வந்தவர். நான் தமிழ் டீச்சர். குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் அப்பா தனியாக இருந்தார். வந்த வேகத்தில் ஊர்ப் பக்கம் மாற்றல் கேட்டு, ஸ்தலமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அது உங்கள் காதுக்கு வந்த அன்று, ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் நீங்கள் சொன்னது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

"பெட்டியப் பிரிக்கதுக்கு முன்னாலயே ஊருக்கு வண்டி தேடுதாக. இவுகள நம்பி நம்ம பிள்ளைகள எப்பிடி விட?"

என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சன்னலைப் பார்த்துச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நமக்குள் சாக்பீசுக்கும் மணியடிப்பதற்கும் மேலே பேச்சில்லை. நீங்கள் வாயில் எப்போதும் ஒரு ஏலக்காயை அதக்கிக்கொண்டு, பாதிச் சிரிப்போடு எல்லாரையும் வெட்டி வெட்டிப் பேசுவீர்கள். நான் என் மேசையில் குனிந்தே இருப்பேன்.

அந்த வருடம் பள்ளியில் ஒரு மத்தியானம் முதலுதவிப் பயிற்சி நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தி, மூச்சு நின்றவரின் நெஞ்சை எப்படி அமுக்குவது, வாயோடு வாய் வைத்து எப்படி ஊதுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொருவராகப் போய்ச் செய்து பார்த்தோம். உங்கள் முறை வந்தபோது, "முட்டி வலிக்கி சார். மண்டி போட முடியாது. இருந்தே பாத்துக்கிடுதேன்" என்று நாற்காலியை விட்டு எழவே மறுத்துவிட்டீர்கள். வாயில் ஊதுகிற கட்டம் வந்ததும், "கெட்ட கேடு" என்று முணுமுணுத்தீர்கள். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் மாதம் பள்ளி அடைத்ததும், மீசைப்புலிமலைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி வரலாம் என்று கிளப்பிவிட்டவர் ஹெச்.எம். சார். "இந்த மலைக்குக் கீழேயே காலத்த ஓட்டியாச்சு. ஒரு தடவையாச்சும் மேல ஏறிப் பாத்திரணும்" என்றார். ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர். கூட வனத்துறையில் வாட்சராக இருந்த ஒரு பெரியவர். தேயிலை முடிகிற இடம் வரைக்கும் ஜீப். எலும்பெல்லாம் கழன்றுவிடும் போலக் குலுக்கிக் கொண்டுபோய் விட்டது. அங்கே கூடாரத்தில் பையை வைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்து உச்சிக்கு நடக்க ஆரம்பித்தோம். மேலே போய்விட்டு, பொழுது சாய்வதற்குள் கூடாரத்துக்குத் திரும்பி, விடிகாலையில் சூரியன் உதிப்பதைப் பார்த்து இறங்குவதாக ஏற்பாடு.

நல்ல வெயில். புல்லெல்லாம் காய்ந்து மஞ்சளாகக் கிடந்தது. நீங்கள் சேலையை ஏற்றிச் செருகி, மகனுடைய ஷூவுக்குள் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். உங்களுக்கு முட்டி வலி. எனக்கு ஏற்றம் பழக்கமில்லை. மற்றவர்கள் முன்னால் போய்விட, கடைசியில் நாம் இரண்டு பேர்தான். இரண்டு பேரில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. கொஞ்ச தூரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஒரு பாறையில் உட்கார்ந்தபோது, நீங்களாகக் கையை நீட்டிக் காட்டினீர்கள்.

"அந்தா, வரிசையா தகரம் மின்னுதுல்ல? அதுல மூணாவது வரிதான் எங்க லயம். இங்கதான் பொறந்தேன். இம்புட்டு வருசத்துல இந்த மலையில ஏறுனது இன்னைக்குத்தான்."

"நெசமாவா?"

"கீழ வேல பாக்கவுகளுக்கு மேல என்ன சோலி?" என்று சிரித்தீர்கள். பிறகு ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தினீர்கள். "நானும் ஒருக்கா ஸ்தலமாற்றத்துக்கு எழுதிக் குடுத்தேன் டீச்சர். யாருக்கும் தெரியாது. கெடைக்கல. அந்தக் கோவம். உங்க மேல ஒண்ணும் இல்ல."

"எந்த ஊரு கேட்டீங்க?"

"கடல் இருக்க ஊரா ஏதாச்சும் குடுங்கன்னேன். நான் கடலே பாத்ததில்ல."

அந்தப் பாறையில்தான் முதல் முறையாக நான் உங்களை அக்கா என்று கூப்பிட்டேன். "நேரமாச்சு, போலாமுங்க்கா" என்றேன். "உங்க ஊருல எல்லாத்துக்கும் ஒரு 'ங்க' போட்டு வலிக்காம பேசுதீக" என்று சொல்லி, எழுந்துகொள்ள என் கையைப் பிடித்தீர்கள். உச்சி வரைக்கும் அந்தக் கையை நீங்கள் விடவில்லை.

மேலே போனதும் போடிப் பக்கத்துச் சமவெளி புகைபோலத் தெரிந்தது. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தில் நான் உங்கள் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கிறேன். பின்பக்கம் மூணாறு திசையில் மேகம் கறுத்துக்கொண்டு வந்ததை முதலில் பார்த்தவர் வாட்சர்தான். "எறங்குங்க, எறங்குங்க. வெரசா" என்றார். கோடை மழை அங்கே சொல்லிக்கொண்டு வராது. பாதி வழி இறங்குவதற்குள் காற்று மாறிவிட்டது. மறைந்து நிற்க ஒரு மரம்கூட இல்லாத புல்மேடு. "கூட்டமா போகாதீங்க. தள்ளித் தள்ளிப் போங்க" என்று அவர் கத்தினார்.

இறங்கும்போதும் என் கையைப் பிடித்திருந்த நீங்கள் சொன்னீர்கள்: "கைய விடுங்க டீச்சர். தள்ளி நடக்கச் சொல்லுதாரு."

நான் விட்டேன்.

அவ்வளவுதான் அக்கா. எனக்குத் தெரிந்தது அதுவரைக்கும்தான். அதற்கு மேல் வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை, வலி இல்லை. ஒரு கையை விட்டேன், பிறகு நான் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த இடத்தில் வந்து நின்றால் எனக்கு உடம்பு விறைத்துப்போகிறது. சாவு இவ்வளவு லேசாக, ஒரு நொடிகூடக் கேட்காமல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

மிச்சத்தை ஹெச்.எம். சார்தான் எனக்குச் சொன்னார். நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. நமக்கு மேலே இருந்த பாறையில் இடி இறங்கியதாம். அவர் திரும்பிப் பார்த்தபோது நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கிடந்தோமாம். உங்களுக்கு ஒரு கால் மரத்துப்போய்விட்டது. எழ முடியாமல் அந்தக் காலை இழுத்துக்கொண்டு, கையை ஊன்றித் தவழ்ந்து என்னிடம் வந்திருக்கிறீர்கள். நான் நீலம் பாரித்துக் கிடந்தேன். நெற்றிக்கு மேலே முடி கருகியிருந்தது. ஹெச்.எம். சார் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி இல்லை. மூக்கில் கை வைத்தார். மூச்சும் இல்லை.

அதற்குள் நீங்கள் மண்டி போட்டு என் நெஞ்சில் கையை வைத்து அமுக்க ஆரம்பித்துவிட்டீர்கள். கூர்க்கல் நிறைந்த தரையில், அந்த முட்டியை ஊன்றி.

ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது. எல்லாரும் அழுதுகொண்டு நின்றார்கள். ஹெச்.எம். சார் உங்கள் தோளைத் தொட்டு, "விடுங்க டீச்சர். போயிட்டாங்க" என்றாராம்.

"அந்த வார்த்தையச் சொல்லாதீங்க சார். இங்கன உக்காந்து எண்ணுங்க."

"டீச்சர்..."

"எண்ணுங்கங்கேன்!"

அவர் உட்கார்ந்து எண்ணினார். வாய் குழறி, நடுவில் ஒரு எண்ணை விட்டுவிட்டார். "தப்பா எண்ணுதீக!" என்று அந்த மழையிலும் அவரை அதட்டியிருக்கிறீர்கள். எண்ணி முடிக்கும்போதெல்லாம் குனிந்து என் வாயில் ஊதினீர்கள். மறுபடி அமுக்கினீர்கள். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை. வாட்சர் சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தபோதும் நீங்கள் நிறுத்தவில்லையாம். மற்றவர்கள் மாற்றிச் செய்ய வந்தால், முழங்கையால் தள்ளிவிட்டீர்களாம். உங்கள் கண்ணில் ஒரு வெறி இருந்தது, பார்க்கவே பயமாக இருந்தது என்று சார் சொன்னார்.

எனக்கு முதலில் வந்தது அந்த நாற்றம்தான். முடி பொசுங்கிய நாற்றம். பிறகு நாக்கில் ஏலக்காயின் ருசி. நான் ஏலக்காய் தின்னவில்லையே என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் எங்கோ கிணற்றுக்கு மேலிருந்து வருவதுபோல ஒரு குரல்.

"ஏட்டி. ஏட்டி, முழிச்சுப் பாரு. என்னைப் பாரு ட்டி."

அதுவரை டீச்சர், டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். கண்ணைத் திறந்தால் உங்கள் முகம். ஈரத்தில் முடி ஒட்டி, உதட்டில் ரத்தம் வழிய, யாரோ போல இருந்தீர்கள். நான் உங்களைப் பார்த்துப் பயந்துபோய் அழுதேன். நீங்கள் அப்படியே பின்னால் சாய்ந்து, மழையில் மல்லாந்து கிடந்தீர்கள்.

போர்வையில் கட்டி என்னைக் கூடாரத்துக்குத் தூக்கி வந்தார்கள். மழையில் ஜீப் பாதை சேறாகிவிட்டது, மூடுபனியும் இறங்கிவிட்டது. விடிந்துதான் வண்டி வரும் என்று தகவல் வந்தது. தூங்கினால் நான் மறுபடி போய்விடுவேன் என்று உங்களுக்குப் பயம். விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னை வாய்ப்பாடு சொல்ல வைத்தீர்கள்.

"பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு."

"எனக்கு வராதுங்க்கா."

"பதினாறு?"

"அதும் வராதுங்க்கா. மூச்சு இழுத்தா நெஞ்சு வலிக்குதுங்க்கா."

"இடி விழுந்தா வலிக்கத்தான் செய்யும். பன்னெண்டாச்சும் சொல்லு. நீயெல்லாம் எப்பிடி டீச்சரான?"

பன்னிரண்டில் நான் தடுமாறும்போதெல்லாம் கன்னத்தில் தட்டினீர்கள். வெளியே எல்லாரும் பார்க்க ஆசைப்பட்ட அந்தச் சூரியன் உதித்தபோது, கூடாரத்தை விட்டு ஒருவரும் வெளியே போகவில்லை. ஜீப் சத்தம் கேட்டதும்தான் நீங்கள் முதல் தடவையாக அழுதீர்கள். என்னை மூணாற்றில் ஆசுபத்திரியில் சேர்த்தார்கள். ஊரிலிருந்து அப்பா வந்து உங்கள் காலில் விழப் போனார். "ஐயோ, என்ன காரியம் பண்ணுதீக" என்று நீங்கள் வராந்தாவில் அந்தப் பக்கமாக ஓடியதைக் கட்டிலில் இருந்தே பார்த்தேன்.

பிறகு எத்தனையோ தடவை கேட்டேன். அப்போது என்ன நினைத்தீர்கள், எப்படிச் செய்தீர்கள், எப்படி விடாமல் இருந்தீர்கள் என்று. ஒரே பதில்தான். "நீ கண்ண முழிச்ச. அதோட முடிஞ்சது. வேற பேச்சு பேசு."

இரண்டு வருடம் கழித்து எனக்கு ஸ்தலமாற்றம் வந்தது. நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போனேன். தாளைப் பிடுங்கிக் கிழித்தீர்கள். "அப்பா தனியா இருக்காருல்ல, போ ட்டி" என்றீர்கள். அந்த லீவில் உங்களைக் கொச்சிக்குக் கூட்டிப்போனேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடலில் கணுக்கால் அளவு நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தாக்குல கரையே இல்லியே, இத எப்பிடி அளக்கது?" என்று கேட்டீர்கள். ஞாயிறு தவறாமல் போன் பேசினோம். என் கல்யாணத்துக்கு வந்தீர்கள். என் மகளுக்குப் பத்தாம் வாய்ப்பாடு வரைக்கும் போனிலேயே சொல்லிக் கொடுத்தீர்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, "லேசா காய்ச்சல், அடுத்த வாரம் பேசுதேன்" என்றீர்கள். எலிக்காய்ச்சலாம். அடுத்த ஞாயிறு வருவதற்குள் உங்கள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "சொல்லுங்க்கா" என்றேன். உங்கள் மகன் பேசினான்.

"டீச்சர், அம்மா போயிட்டாங்க."

"எங்க போனாங்க?" என்று கேட்டேன் அக்கா. சத்தியமாக அப்படித்தான் கேட்டேன்.

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு. வழி நெடுக மழை. என் கணவர்தான் ஓட்டினார். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஏதோ தவறான தகவல், போய்ச் சேர்ந்தால் சரியாகிவிடும் என்பதுபோல இருந்தது. சூரியநெல்லியில் உங்கள் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ஹெச்.எம். சார் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெற்று மிகவும் தளர்ந்துவிட்டார். உங்கள் முகத்தில் நோயின் அடையாளமே இல்லை. தூங்குகிற முகம். நாக்கு நுனியில் ஒரு பேச்சு நிற்கிற முகம்.

அதற்குப் பிறகு நான் செய்ததை யாரும் என்னிடம் செய்யச் சொல்லவில்லை. நான் நினைத்தும் செய்யவில்லை. என் கை போய்விட்டது. ஒரு கை மேல் இன்னொரு கையை வைத்து, முழங்கையை நேராக்கி, உங்கள் நெஞ்சை அமுக்கினேன். ஒரு தடவை, இரண்டு தடவை. முற்றத்தில் அழுகைச் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. யாரோ, "ஐயோ, டீச்சரைப் பிடிங்க" என்றார்கள். உங்கள் நெஞ்சு குளிர்ந்து, பலகைபோல இருந்தது. நான் நிறுத்தவில்லை. நீங்கள் நிறுத்தவில்லையே.

ஹெச்.எம். சார்தான் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். வாயைத் திறந்தார். அன்று உங்களிடம் சொன்ன வார்த்தையை இன்று என்னிடம் சொல்ல அவருக்கு வரவில்லை. கையை விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கினார். அவரோடு நானும் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு உங்கள் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஆசுபத்திரியில அம்மாவுக்கும் அமுக்குனாங்க டீச்சர். ஆள் மாத்தி ஆள் மாத்தி அமுக்குனாங்க. கரண்ட்டும் வச்சாங்க. வரல." என் பக்கம் திரும்பிக் கேட்டான். "உங்கள அம்மா எப்பிடி எழுப்புனாங்க டீச்சர்? என்ன செஞ்சாங்க?"

என்ன சொல்வேன் அக்கா? உலகத்தில் அதை என்னிடம் கேட்க அவனுக்குத்தான் உரிமை. சொல்ல என்னிடம் எதுவுமே இல்லை.

"எனக்குத் தெரியாது தங்கம். நான் அப்ப இல்லையே" என்றேன்.

பெரிய ஆசுபத்திரி, இத்தனை மருத்துவர்கள், கருவிகள். அங்கே வராதது, ஒரு புல்மேட்டில், ஆலங்கட்டி மழையில், பொம்மையைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு கணக்கு டீச்சரின் கையில் எப்படி வந்தது? எனக்கு வந்தது ஏன் உங்களுக்கு வரவில்லை? யாரிடம் கேட்டாலும் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். எதுவும் எனக்குள் இறங்கவில்லை. நான் இங்கே சோறு வடிக்கிறேன், பாடம் நடத்துகிறேன், மகளுக்குத் தலை பின்னுகிறேன். ஞாயிறு மத்தியானம் ஆனால் போனைக் கையில் எடுத்துவிட்டுத் திகைத்து நிற்கிறேன்.

உங்களிடம் நான் மறைத்த விஷயம் ஒன்று உண்டு. மூணாற்றில் என் நெஞ்சைப் படம் எடுத்த டாக்டர், அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது பக்கம் இரண்டு விலா எலும்புகள் முறிந்திருந்தன. "இது இடியால வந்ததில்ல. யாரோ விடாம அமுக்கியிருக்காங்க" என்றார். கதவுக்கு வெளியே பெஞ்சில், முட்டி இரண்டும் தோலுரிந்து ரத்தம் கட்டியிருக்க, ஈரச்சேலையோடு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். "அவங்ககிட்ட மட்டும் சொல்லீராதீங்க டாக்டர்" என்று கெஞ்சினேன். ஒரே நாளில் உங்களை அந்த அளவுக்குத் தெரிந்துவிட்டது எனக்கு. தெரிந்திருந்தால் அதை மட்டுமே நினைத்துக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

ஒரு எலும்பு நேராகச் சேர்ந்துவிட்டது. இன்னொன்று கொஞ்சம் கோணலாக ஒட்டிக்கொண்டது. விரலால் தடவினால் ஒரு முண்டு தட்டுப்படும். மூச்சை ஆழமாக இழுத்தால் அந்த இடத்தில் பிடிக்கும். உங்கள் வீட்டு முற்றத்தில் அழுதபோது உயிர் போகிறாற்போலப் பிடித்தது. இதோ, இதை எழுதும்போதும் பிடிக்கிறது.